கெல்லர்ப் பிள்ளையாரும் பத்து நாள் தவணையும்

போன மாதம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கான சான்றிதழ் வகுப்பொன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். நான் வேலைக்கு வந்த காலத்தில் நாக்கு ஒன்றுதான் சான்றிதழ். வகுப்பில் அரைவாசிப் பேர் இங்கே சுவிஸிலேயே பிறந்த எங்கள் பிள்ளைகள். திரையைப் பார்த்து மொழிபெயர்ப்பது எப்படி, தொலைபேசியில் மொழிபெயர்ப்பது எப்படி என்றெல்லாம் அவர்களுக்குப் பாடம் நடக்கிறது. ஆராவ் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "அன்ரி, இவ்வளவு வருசத்திலை நீங்கள் ஒரு சொல்லாவது கூட்டிச் சொன்னதில்லையோ?" என்று கேட்டாள்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இல்லை என்றேன். கை தட்டினார்கள். ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. அது பச்சைப் பொய். இத்தனை வருட வேலையில் ஒரு முறை, ஒரே ஒரு சொல்லைக் கூட்டியிருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை, எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவேன். அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கொழும்பில் ஒரு கந்தோரில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் செய்தவள். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு சுவிஸில் பேர்ண் நகரத்துக்கு வந்தேன். முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை கிடைத்தது. என்னோடு துணி மடித்த சுவிஸ் பெண்களுக்கு வாய் ஓயாது, எனக்கும் ஓயாது. ஒன்றரை வருடத்தில் பேர்ண் ஜெர்மன் வாயில் ஏறிவிட்டது. எழுத்து ஜெர்மனை மாலை வகுப்பில் படித்தேன். ஒரு நாள் பொலிஸ்காரர் ஒருவர் இல்லத்துக்கே வந்து, தமிழ் தெரிந்த பெண்ணொருத்தி இங்கே இருக்கிறாளாமே என்று விசாரித்தார். ஏப்ரனைக் கழற்றிக் கொழுவிவிட்டு அவரோடு போனேன். என்னுடைய பயிற்சி அவ்வளவுதான்.

வேலை முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அதில்தான் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அரையடி பின்னால், இடது பக்கத்தில் எனக்குக் கதிரை. அவருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது, நீதிபதியின் முகத்தையும் பார்க்கக் கூடாது. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'நான் அவளை அடித்தேன்', 'நான் கடையில் எடுத்தேன்', 'நான் குடித்திருந்தேன்' என்று காலை எட்டு மணிக்கே எத்தனை பாவத்தை என் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறேன் தெரியுமா! ஒவ்வொரு வழக்கும் தொடங்கும்போது நீதிபதி எனக்கு ஒரு எச்சரிக்கை வாசிப்பார். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, தெரிந்துகொண்டு பொய்யாக மொழிபெயர்த்தால் அது குற்றம், சிறைக்கும் போகலாம். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பென்சிலைக் கையில் எடுப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாசி மாதம், ஒரு வழக்குக்குக் கடிதம் வந்தது. கடிதத்தில் மொழியும் நேரமும் மட்டும்தான் இருக்கும். உள்ளே போனால், குற்றஞ்சாட்டப்பட்டவரின் கதிரையில் தவராசா இருக்கிறான்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தான். எனக்கு அவனைத் தெரியாதென்று காட்டிக்கொள்ளும்படி கேட்கிறான் என்று விளங்கியது. நீதிபதி என்னைப் பார்த்து, இவருக்கு நீங்கள் உறவா என்று கேட்டார். இல்லை என்றேன். உறவில்லைதான். தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் தொழிலில் நான் செய்த மிகப்பெரிய பிழை அதுதான்.

தவராசா யாரென்று சொல்ல, முதலில் கெல்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒவ்வொரு மாடிக் கட்டடத்துக்கும் அடியில் ஒரு நிலவறை உண்டு, அதுதான் கெல்லர். மரச்சட்டம் அடித்துத் தடுத்து, வீட்டுக்கு ஒரு தடுப்பு. உருளைக்கிழங்கு, வைன், பனிச்சறுக்குக் கட்டைகளை வைத்துப் பூட்டுவார்கள். பேர்ணின் ஒரு பகுதியான பூம்ப்ளிஸில் புஷ்பம் என்ற பெண்ணும் புருசனும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நான்காம் மாடியில் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த நாளில் யார் வீடு கொடுத்தார்கள்? எட்டு மாதம் அலைந்து எடுத்த வீடு அது. வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்திய வாசத்துக்கே வீட்டு நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு முறை நெருப்போ புகையோ கண்டால் வீட்டை விட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு போய்க் கெல்லரில் வைத்துவிட்டார்கள்! சட்டங்களின் உட்பக்கத்தை மட்டையால் மறைத்து, ஒரு பெட்டியின்மேல் சிவப்புச் சீலை விரித்து, படம், விளக்கு, கைமணி. எங்களுக்குக் கோயில் இல்லாத காலம். வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து பேர் இறங்கிப் போவோம், நானும் போவேன்.

மார்கழியில் பிள்ளையாரின் இருபத்தொரு நாள் விரதம் வந்தது. ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்கு விளக்குக் கொளுத்தி மணி அடிக்கும் பொறுப்பைத் தவராசா எடுத்தான். இருபத்தாறு வயது, ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவன், வேறு கட்டடத்தில் அறையெடுத்து இருந்தவன். புஷ்பம் அவனிடம் வாசல் திறப்பையும் கெல்லர்த் திறப்பையும் ஒரு சாவிக்கொத்தாகக் கொடுத்து வைத்திருந்தாள். பதினேழாம் நாள் அவன் பூசையை முடித்து, தடுப்பைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், எதிரே அப்வார்ட் நிற்கிறார். அப்வார்ட் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், நிலத்தளத்தில் குடியிருப்பவர். கையில் டோர்ச் லைட். தவராசா வெறுங்காலோடு, சட்டைப்பையில் நெருப்புப் பெட்டியோடு நிற்கிறான். அவர் லைட்டைத் திருப்பிப் பார்த்தால், பக்கத்து மூன்று தடுப்புகளின் பூட்டுகள் உடைந்து தொங்குகின்றன. வைன் போத்தல்கள், ஒரு ரேடியோ, இரண்டு சோடி சறுக்குக் கட்டைகள் காணவில்லை.

அன்றைக்கு நானும் அங்கே போயிருக்க வேண்டியவள். முதல் பஸ்ஸைத் தவறவிட்டேன். ஐந்து நிமிடத்தால் தப்பினேன் என்று அந்த நேரம் நினைத்தது உண்மை. வெட்கமாக இருந்தாலும் எழுதத்தானே வேண்டும்.

தவராசா பொலிஸில் வாயைத் திறக்கவில்லை. யார் திறப்புத் தந்தது? பதில் இல்லை. ஏன் வந்தாய்? பதில் இல்லை. ஏன் வெறுங்கால்? பதில் இல்லை. பிள்ளையாரைச் சொன்னால் விளக்கைச் சொல்ல வேண்டும், விளக்கைச் சொன்னால் புஷ்பத்தின் வீடு போய்விடும். வழக்கறிஞரும் வேண்டாமென்று கையெழுத்து வைத்துவிட்டான். ஆனானப்பட்ட கெட்டிக்காரனும் இப்படி மௌனமாக இருந்தால் திருடனாகத்தான் தெரிவான். நீதிமன்றத்திலும் அதே கேள்விகள், அதே பதில். 'நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை' என்று அவன் சொல்லச் சொல்ல, நான் ஜெர்மனில் 'நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை' என்று சொன்னேன். அவனுடைய 'நான்' அன்றைக்கு என்னுடைய 'நானா'கவும் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் கூட்டக் கூடாது!

வீடுடைத்ததற்கும் திருட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு வந்தது. எட்டு மாதச் சிறை, அது நிபந்தனையோடு தள்ளிவைப்பு. அதாவது இனிப் பிழை செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. அதோடு ஐந்து வருட நாடு கடத்தல், அது தள்ளிவைப்பு இல்லை. மேல்முறையீடு செய்வதென்றால் பத்து நாள் தவணை. நாடு கடத்தல் என்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவது. அந்தக் காலத்தில் அவன் வயதுப் பெடியனொருவன் அங்கே இறங்கினால் ஆமி அவனை என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

வெளியில் நடைபாதையில் வைத்து அவனைப் பிடித்தேன். மேல்முறையீடு செய், உண்மையைச் சொல் என்று கெஞ்சினேன், பிறகு ஏசினேன். அவன் சிரித்தான். "அக்கா, அதுகள் சின்னப் பிள்ளையளோடை எங்கை போகும்? நான் தனிக்கட்டை. நீங்கள் ஒருத்தரிட்டையும் கதைக்காதேங்கோ" என்று கேட்டான். விசரன் என்று திட்டிவிட்டு வந்தேன். ஆனால் வாக்குக் கொடுத்ததுபோல் வாயை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு நாள் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. புஷ்பம். மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஆறு மாதம், படியேறி வந்து மூச்சு வாங்குகிறாள். நாடு கடத்தலைப் பற்றி அன்றைக்குத்தான் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிறை இல்லை என்ற பாதிச் செய்தியோடு எட்டு நாளும் சந்தோசமாக இருந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, என்ரை வீட்டைக் காப்பாத்தவெண்டு ஒருத்தன் கொழும்பிலை போய் இறங்கினா, அந்த வீட்டிலை நான் எப்பிடிச் சோறு காய்ச்சுறது? வீடு போனாப் போகட்டும். நாளைக்கு என்ன செய்ய வேணுமெண்டு சொல்லுங்கோ."

எனக்கு உடம்பில் உயிர் வந்தது!

அடுத்த நாள், பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நானும் புஷ்பமும் வழக்கறிஞர் ரோத்தின் கந்தோர் வாசலில் நின்றோம். நான் அதிகம் வேலை செய்தது அவருக்குக் கீழேதான். ஆறடி உயரம், தேனீ வளர்ப்பவர், சப்பாத்தில் எப்போதும் மண். எவ்வளவு அவசரமான விசயத்தைச் சொன்னாலும் முதலில் ஒரு பென்சிலை எடுத்துப் பேனாக்கத்தியால் சீவுவார். சீவி முடியும்வரை நாங்கள் பேசக் கூடாது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை வைத்து நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். இடப்பக்கம் தெரிந்தது, வலப்பக்கம் நினைத்தது. "ஒன்றுக்குப் பிறகு ஒன்று, ஃபிராவ் நடராஜா" என்பார். ஃபிராவ் என்றால் அம்மணி. அன்றைக்கு அவர் அந்தப் பென்சிலைச் சீவிய நிதானத்தைப் பார்க்க எனக்குக் கத்தியைப் பறித்து எறியலாம் போல இருந்தது.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தீர்ப்பை ஒவ்வொரு வசனமாக வாசித்து, எந்தப் பக்கம் என்று என்னிடமே கேட்டார். கெல்லரில் நின்றார், இடம். வெறுங்காலோடு நின்றார், இடம். சத்தம் வராமலிருக்கவே வெறுங்காலோடு வந்தார், வலம். அப்வார்ட்டுக்கு உலோகத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது, இடம். அது பூட்டு உடைத்த சத்தம், வலம். பூட்டுகள் உடைந்திருந்தன, இடம். அன்று காலையில்தான் உடைக்கப்பட்டன, வலம். முடிவில் வலப்பக்கம் தாள் நிரம்பி வழிந்தது. இடப்பக்கத்தில் ஐந்தாறு வரிகள் மட்டும் நின்றன. அவர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன்.

உடனே என்னை இருக்கச் சொன்னார். "நீங்கள் இனி இந்த வழக்கில் மொழிபெயர்ப்பாளர் இல்லை, சாட்சி. அவரைத் தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்ததை மேல் நீதிமன்றத் தலைவர் கேட்பார். மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடவும் கூடும். யோசித்தீர்களா?" என்றார். சலவை அறை வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. ஆனால் பக்கத்தில் புஷ்பம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது? எழுதுங்கோ என்றேன்.

அடுத்த சிக்கல், தவராசாவின் கையெழுத்து இல்லாமல் வழக்கறிஞரால் எதுவும் அனுப்ப முடியாது. அதிகாரப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் உணவகத்துக்கு ஓடினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், குசினி முழுக்க ஆவி. அவன் முழங்கைவரை நுரையோடு நின்று, மாட்டேன் என்று தலையை ஆட்டினான். தலைமைச் சமையல்காரர் எங்களை வெளியே போகச் சொல்லிக் கத்துகிறார். நான் அவருக்கு ஜெர்மனில் பதில் கொடுத்துக்கொண்டே இவனுக்குத் தமிழில் ஏசுகிறேன். கடைசியில் புஷ்பம் தாளை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். அவளுக்கு அவனைவிட இரண்டு வயதுதான் கூட.

"வைக்கமாட்டியோ? சரி. அப்ப நான் இப்பவே பொலிசுக்குப் போய் விளக்குக் கொளுத்தினது நான்தானெண்டு சொல்லப் போறன். உன்ரை பிள்ளையாரும் வெளியிலைதான், நானும் வெளியிலைதான்."

அவன் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். ஈரம் பட்டு முதலெழுத்துக் கொஞ்சம் ஊறிவிட்டது. அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துக் காயவிட்டபடி பஸ்ஸில் வந்தேன். ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை.

கந்தோருக்கு வந்தால் ரோத்தின் தட்டெழுத்தாளருக்குக் காய்ச்சல்! ரோத்துக்கோ இரண்டு விரலால் தட்டத்தான் தெரியும். தள்ளுங்கோ என்று சொல்லாத குறையாக அவரைத் தள்ளிவிட்டு மெசினில் இருந்தேன். அவர் அறையில் நடந்துகொண்டே சொல்ல, நான் முதலில் சுருக்கெழுத்தில் எடுத்தேன், பிறகு தட்டினேன். தன் ஜெர்மனைக் கொழும்புச் சுருக்கெழுத்தில் பிடித்ததைப் பார்த்து அவருக்கு வாய் பிளந்துவிட்டது. மேல்முறையீட்டு அறிவிப்பு, புதிய சாட்சிகளின் பெயர்கள், நீதிபதிகளே நேரில் வந்து கெல்லரைப் பார்க்க வேண்டும் என்ற விண்ணப்பம், எல்லாமாக நாலு பக்கம். முடியும்போது ஆறு மணி கடந்துவிட்டது. தபால் கந்தோர் ஆறரைக்குப் பூட்டும். பதிவுத் தபாலில் அன்றைய முத்திரை விழாவிட்டால் நாலு பக்கமும் குப்பை. நான் சலவை அறையில் வாங்கிய தடித்த சப்பாத்தோடு ஓடினேன். ரோத் பின்னால் ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடியதைப் பேர்ண் அதற்கு முன் கண்டிருக்காது. கதவைச் சாத்த வந்த பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. முத்திரை குத்திய சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வைகாசியில் மேல் நீதிமன்றம் கெல்லருக்கு வந்தது. மூன்று நீதிபதிகள், எழுத்தர், அரச வழக்கறிஞர், ஒரு பொலிஸ்காரர். எனக்குப் பதிலாக ஓர்லிகோன் என்ற வெளியூரிலிருந்து ஒரு தமிழ் ஐயா தவராசாவுக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். நீதிபதிகளின் தலைவர் மெலிந்த, நரைத்த மனிதர். முதலிலேயே என்னைப் பார்த்து, இவரைத் தெரியும் என்று கீழ் நீதிமன்றத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஆயிரம் சாட்டுச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். பயந்துவிட்டேன் என்றேன். எழுதுங்கள் என்று எழுத்தருக்குச் சொன்னார். என் வேலை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பிறகு சோதனை. அப்வார்ட்டை அவருடைய படுக்கையறையில் கட்டிலில் இருத்தி, எழுத்தரைப் பக்கத்தில் காவல் வைத்தார்கள். கீழே பொலிஸ்காரர் அதே வகைப் பூட்டுகளை இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்தார். மூன்று பூட்டு, மூன்று தடவை. பிறகு தலைவர் என்னிடம், காலையில் செய்வதுபோல் மணியை அடித்துக் காட்டுங்கள் என்றார்.

புஷ்பம் நிறைமாத வயிற்றோடு தடுப்பைத் திறந்தாள். நான் உள்ளே போய் மணியைக் கையில் எடுத்தேன், அதற்குள் பின்னால் அரச வழக்கறிஞரின் குரல் கேட்டது. "சாட்சி ஏன் சப்பாத்தைக் கழற்றினார்?" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கடவுளே, வெறுங்காலோடு நிற்கிறேன்! எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால், புஷ்பமும் கழற்றிவிட்டாள். அவள் புருசனும் கழற்றிவிட்டார். மொழிபெயர்க்க வந்த ஓர்லிகோன் ஐயா வாசலில் ஒற்றைக்காலில் நின்று சப்பாத்துக் கயிறோடு மல்லுக்கட்டுகிறார், வழக்கோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சீமெந்துத் தரை ஐஸ்போலக் குளிர்ந்தது. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுவர் ஓரமாகச் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. தலைவர் அந்த வரிசையைப் பார்த்தார், பிறகு அரச வழக்கறிஞரைப் பார்த்தார், பிறகு பொலிஸ்காரரிடம், சாட்சிகளும் மொழிபெயர்ப்பாளரும் உள்ளே போகுமுன் கேட்காமலேயே காலணியைக் கழற்றியதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவர் தன் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, இங்கிருந்து பார்த்தால் போதும் என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

நான் மணியை அடித்தேன். அடி என்றால் என்ன அடி! தவராசா மார்கழி முழுக்க அடித்ததை அந்த ஒரு நிமிடத்தில் அடித்தேன். மேலே படியில் தடதடவென்று சத்தம். அப்வார்ட் இறங்கி வருகிறார், எழுத்தர் பின்னால் ஓடி வருகிறார். மனிதர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சாட்சி சொல்ல வந்தவர், முகம் சிவந்திருந்தது.

"இதுதான்" என்றார். "முன்னால் கேட்ட மூன்றும் இல்லை, இதுதான். குழாய் வழியாக என் அறைக்கு வருகிறது. மார்கழியில் இரண்டு கிழமையாக ஒவ்வொரு விடியற்காலையும் கேட்டேன். வெப்பமூட்டியில் காற்றுப் பிடித்திருக்கிறதென்று நினைத்து, வீட்டு வீடாகப் போய்க் காற்றுத் திறந்து விட்டேன். அதற்குப் பிறகும் கேட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அன்றைக்குக் கீழே வந்தேன்."

அப்படியென்றால் அதை ஏன் பொலிஸில் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். வெப்பமூட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்றார் அவர். என்னிடமும் 'கேட்கவில்லையே' என்ற அதே சாட்டுத்தானே இருந்தது! அந்த மனிதரை ஏச எனக்கு வாய் வரவில்லை. பூட்டு உடைபட்ட மூன்று வீட்டுக்காரரையும் வரிசையாகக் கேட்டார்கள். கடைசியாகக் கெல்லருக்கு வந்தது ஐப்பசியில் என்றார் ஒருவர். மற்ற இருவருக்கும் ஞாபகமே இல்லை. அந்தப் பூட்டுகளை எவன் எப்போது உடைத்தான் என்று இன்றைக்கும் தெரியாது. ரோத் தன் தாளை எடுத்து, வலப்பக்கத்து வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் நீதிமன்றத்துக்குத் திரும்பினோம், வழக்குரைகள் முடிந்து நீதிபதிகள் உள்ளே போனார்கள். மூன்று மணியாயிற்று, நாலாயிற்று. ஓர்லிகோன் ஐயாவுக்கு ஆறு மணிக்கு ஓட்டலில் வேலை. மன்னிப்புக் கேட்டுவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டார். ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. எல்லோரும் எழும்பினோம். தலைவர் தாளைக் கையில் எடுத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் எங்கே என்றார். ரயிலுக்குப் போய்விட்டார் என்றார் ரோத். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, கடைசி வாங்கடியில் நின்ற என்மேல் பார்வையை நிறுத்தினார்.

"ஃபிராவ் நடராஜா, உங்கள் சாட்சியம் முடிந்துவிட்டது. இரு தரப்புக்கும் மறுப்பு இல்லையென்றால், வாருங்கள். எச்சரிக்கை உங்களுக்குத் தெரியும்."

மறுப்பு இல்லை என்றார் ரோத். அரச வழக்கறிஞரும் தலையசைத்தார். நான் நடந்து போய் என் இடத்தில், தவராசாவுக்கு அரையடி பின்னால், இடது பக்கத்தில் நின்றேன். அவனுடைய கழுத்தில் வியர்வை வழிவது தெரிந்தது. தலைவர் வாசித்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர் இரண்டு குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார். தண்டனையும் நாடு கடத்தலும் நீங்குகின்றன. வாசித்துவிட்டு எனக்காக நிறுத்தினார்.

நான் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். பிறகு சொன்னேன். "தம்பி, இரண்டு குற்றச்சாட்டிலையும் இருந்து உம்மை விடுதலையாக்கியிருக்கினம். தண்டனையும் இல்லை, நாடு கடத்தலும் இல்லை."

அவன் அப்படியே கதிரையில் இருந்து முகத்தை மூடிக்கொண்டான். பின்னால் புஷ்பம் வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தலைவர் தாளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு நிர்வாகத்தின் கடிதம் வராமல் விடவில்லை. ரோத் அதற்குத் தேனீ கொட்டியதுபோல் ஒரு பதில் எழுதினார். அப்வார்ட் தானே கெல்லருக்கு இறங்கி, பிள்ளையாருக்குச் சின்ன மின்விளக்கொன்று பூட்டிக் கொடுத்தார். மணியை ஏழு மணிக்குப் பிறகு அடிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டாராம். மூன்று கிழமை கழித்து, இன்னொரு வழக்குக்கு நீதிமன்றத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மொழி, நேரம், அவ்வளவுதான். அதைப் படியில் நின்று வாசித்துவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினேன்.

ஆராவ்ப் பிள்ளை, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஓம், கூட்டியிருக்கிறேன். 'தம்பி' என்ற சொல் அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. அரசு வாசித்ததில் நான் சேர்த்தது அது ஒன்றுதான், தெரிந்துகொண்டுதான் சேர்த்தேன். யாராவது அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்பினால், பத்து நாள் தவணை எப்போதோ முடிந்துவிட்டது.